ராஜாஜி: புறக்கணித்தவர், ஆண்டவர், எதிர்த்தவர்... சட்டமன்றத்தின் எல்லாப் பக்கமும் நின்ற தொரப்பள்ளிக்காரர்

அஞ்செட்டியில் இருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிஃப்டுக்குப் போகும் பஸ்ஸில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வரிசை சீட்டில் கேட்கும். மொபைலில் சட்டமன்ற ரகளை வீடியோ ஓடினால் மூன்று மொழியிலும் கமென்ட் வரும். ஒரு கட்சிக்காரர் எதிர்க்கட்சியாக இருந்தபோது அமளி செய்த பழைய கிளிப், அவரே இன்று அமளியைக் கண்டிக்கும் புதிய கிளிப். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி யாரோ ரீல்ஸ் போட்டிருப்பார்கள்.

டெல்லியிலும் கதை இதேதான். 2010இல் 2ஜி விவகாரத்தில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு கேட்டு பாஜக உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் நின்றதில், குளிர்காலக் கூட்டத்தொடர் கிட்டத்தட்ட முழுசாகவே முடங்கியது. அன்று அவையை நடத்த விடவில்லை என்று புலம்பியது காங்கிரஸ். 2023 டிசம்பரில் பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்று நின்ற எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 146 பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். இந்த முறை அவையை முடக்குறாங்க என்று புலம்பியது பாஜக. அமெரிக்க செனட்டில் ஃபிலிபஸ்டர் என்று ஒன்று உண்டு. விடாமல் பேசியே மசோதாவை நிறுத்தும் வித்தை அது. நியமனங்களுக்கு எதிராக அதைப் பயன்படுத்தும் வழியை 2013இல் ஜனநாயகக் கட்சி அடைத்தது. குடியரசுக் கட்சி கொந்தளித்தது. 2017இல் அதே குடியரசுக் கட்சி, உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்துக்கும் சேர்த்து அடைத்தது. இந்த முறை கொந்தளித்தது ஜனநாயகக் கட்சி.

இந்த விளையாட்டின் எல்லாப் பக்கத்திலும் நின்று பார்த்த ஒருவர் ஓசூர் மண்ணில் பிறந்திருக்கிறார். ஓசூரில் இருந்து கிருஷ்ணகிரி பக்கம் கொஞ்ச தூரம் போனால் தொரப்பள்ளி. அங்கே அரசு பராமரிக்கும் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. 1878 டிசம்பர் 10ஆம் தேதி அந்த ஊர் முன்சீப் வீட்டில் மூன்றாவது மகனாகப் பிறந்தவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. சுருக்கமாக ராஜாஜி.

ஓசூரில் பள்ளி, பெங்களூரு சென்ட்ரல் காலேஜ், சென்னை பிரசிடென்சியில் சட்டம், சேலத்தில் வக்கீல் தொழில், சேலம் நகராட்சித் தலைவர் பதவி. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கு. கிரிமினல் வழக்குகளில் நல்ல வருமானம் வந்துகொண்டிருந்த பிராக்டிஸை, ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் ஒரே அடியாக விட்டார். கதை அதற்கப்புறம்தான் சுவாரஸ்யம்.

உள்ளே போகவே கூடாது

1920களில் மாகாண சட்டசபைகள் இருந்தன. ஆனால் முக்கியமான துறைகள் கவர்னர் கையில், மிச்சம் மீதி இந்திய அமைச்சர்கள் கையில். இதற்குப் பெயர் இரட்டை ஆட்சி. காங்கிரஸ் 1920 தேர்தலைப் புறக்கணித்தது. சென்னையில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது.

இரண்டு வருஷம் கழித்து காங்கிரஸுக்குள்ளேயே சண்டை. சி.ஆர்.தாஸும் மோதிலால் நேருவும், சட்டசபைக்குள் போவோம், உள்ளே இருந்தே பட்ஜெட்டைத் தோற்கடித்து அமைச்சர்களை உட்கார விடாமல் செய்வோம் என்றார்கள். இன்றைய மொழியில் சொன்னால், முடக்குவதற்காகவே உள்ளே போவது. காந்தி அப்போது சிறையில். அவர் இடத்தில் நின்று இந்த யோசனையை எதிர்த்த அணிக்குத் தலைமை வகித்தவர் ராஜாஜி. 1922 டிசம்பரில் கயா மாநாட்டில் ராஜாஜி அணிதான் ஜெயித்தது. மாநாட்டுத் தலைவரான தாஸே தோற்றுப்போனார். சில நாட்களில் சுயராஜ்யக் கட்சி பிறந்தது.

ராஜாஜியின் வாதம் இதுதான். இடிக்கப் போகிறேன் என்று உள்ளே போகிறவர்கள் நாளடைவில் அந்த வீட்டிலேயே குடியேறிவிடுவார்கள். அதைவிட கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்று ஊருக்குள் வேலை பார்ப்பது மேல். அவர் சொன்னபடியே 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்து குடும்பத்தோடு போய் உட்கார்ந்தார்.

அந்தப் பக்கம் சுயராஜ்யக் கட்சிக்காரர்கள் வங்காளத்தில் அமைச்சர்களின் சம்பளத்தையே வெட்டி நிர்வாகத்தை நிறுத்திக் காட்டினார்கள். சென்னையில் 1926 தேர்தலில் 98 இடங்களில் 41 பிடித்து தனிப்பெரும் கட்சியானார்கள். ஆனால் ஆட்சி அமைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கவர்னர் சுப்பராயனைப் பிடித்து சுயேச்சை அமைச்சரவை ஒன்றை உருவாக்கினார். சுப்பராயன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் அன்றைக்கு ஏற்காத அமைச்சரவைக்குத் தலைவர். 11 வருஷம் கழித்து காங்கிரஸ் அமைச்சரவையிலேயே உட்காருவார்.

உள்ளே போனதும்

1930இல் திருச்சியில் இருந்து வேதாரண்யம் வரை உப்புக்காக நடந்தது, அதற்குச் சிறை போனது எல்லாம் முடிந்து, 1937. காங்கிரஸ் இந்த முறை தேர்தலில் நின்றது. சென்னை சட்டப்பேரவையில் 215இல் 159 இடம். நீதிக்கட்சி சுத்தமாகச் சரிந்தது.

ஆனால் காங்கிரஸ் உடனே ஆட்சி அமைக்கவில்லை. கவர்னர் தன் சிறப்பு அதிகாரங்களைப் பயன்படுத்தி தலையிட மாட்டார் என்று உறுதி தர வேண்டும் என்றது. அந்த மூன்றரை மாத இடைவெளியில் கே.வி.ரெட்டி நாயுடு தலைமையில் ஒரு இடைக்கால அமைச்சரவை. பெரும்பான்மையே இல்லாத அமைச்சரவை என்பதால் சட்டப்பேரவையைக் கூட்டவே இல்லை. அவையைச் சந்திக்கத் துணிச்சல் இல்லாத அரசு என்று காங்கிரஸ் தாக்கியது. நியாயமான குற்றச்சாட்டுதான். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 1952இல் தேவைப்படும்.

ஜூலையில் ராஜாஜி பிரதமர் ஆனார். அப்போது மாகாண முதல்வருக்கு அதுதான் பதவிப் பெயர். இரண்டே கால் வருஷத்தில் அவர் செய்த வேலைகளின் பட்டியல் சாதாரணமானது இல்லை. 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, அஞ்செட்டி மலைக்கிராமங்கள் எல்லாம் அதில் அடக்கம். கள்ளு, சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவில் அந்த வகை வரிக்கு அதுதான் ஆரம்பம். இன்று பில்லில் ஜிஎஸ்டி பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அந்தக் கோட்டைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் ஓசூர்க்காரர் ஒருவரிடம்தான் போய் நிற்பார்கள். விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் அவர் காலத்ததுதான்.

இப்போது மறுபக்கம்.

காங்கிரஸ் தன் தேர்தல் அறிக்கையிலேயே அடக்குமுறைச் சட்டங்களுக்கு முடிவு கட்டுவோம் என்று சொல்லியிருந்தது. அதில் ஒன்று 1932ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம். மறியல் செய்பவர்களைப் பிடித்து உள்ளே போட வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. அதில் சிறை போன காங்கிரஸ்காரர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

1938இல் ராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. பள்ளி வாசல்களிலும் முதல்வர் வீட்டு வாசலிலும் மறியல் தொடங்கியது. மறியலை அடக்க ராஜாஜி எடுத்த ஆயுதம் எது? அதே குற்றவியல் திருத்தச் சட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கைக்குழந்தையோடு சிறை போன பெண்களும் இருந்தார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939இன் முதல் மாதங்களில் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்தார்கள். பெரியாருக்கு ஓராண்டு கடுங்காவல். சிறையில் இருக்கும்போதே நீதிக்கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தி மட்டும் இல்லை. 1937 அக்டோபரிலேயே பாட்லிவாலா என்ற சோஷலிஸ்ட் தலைவர் மீது ராஜத்துரோக வழக்கு போட்டது ராஜாஜி அரசு. ஆறு மாதம் தண்டனை. காந்தியையும் திலகரையும் உள்ளே தள்ளிய அதே 124-ஏ பிரிவு. காங்கிரஸுக்குள்ளேயே கொதிப்பு கிளம்பியது, நேரு கடுமையாக எதிர்ப்பு தெரிவித்தார். பிறகு பாட்லிவாலா விடுவிக்கப்பட்டார்.

ராஜாஜியின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அந்நிய அரசுக்கு எதிரான மறியல் வேறு, மக்கள் ஓட்டுப் போட்டு வந்த அரசுக்கு எதிரான மறியல் வேறு. பின்னதற்கு எதிர்ப்பைக் காட்ட சட்டமன்றம் இருக்கிறது, ஓட்டுப் பெட்டி இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டுப் பெட்டி எத்தனை பேருக்குத் திறந்திருந்தது? 1937இல் சொத்து, வரி, படிப்புத் தகுதி இருந்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. மறியலில் நின்ற பலருக்கு ஓட்டே கிடையாது. சட்டமன்றத்துக்குள் குரல் இல்லாதவரிடம் சட்டமன்றத்துக்குள் வந்து பேசு என்று சொல்வது அத்தனை நேர்மையான பதில் இல்லை.

அவைக்குள் குரல் இருந்தவர்களுக்கும் அப்போது என்ன கிடைத்தது என்பதற்கு எம்.சி.ராஜா ஒரு உதாரணம். ஒடுக்கப்பட்ட மக்களின் மூத்த தலைவரான அவர், கோயில் நுழைவுக்கு ஒரு மசோதா கொண்டுவந்தார். முதலில் சாதகமாகப் பேசிய ராஜாஜி, பிறகு திரும்பப் பெறச் சொன்னார். மலபாருக்கு மட்டும் பொருந்தும் மசோதாவை அரசே கொண்டுவரும் என்றார். ராஜா மறுத்தார். காங்கிரஸ் பெரும்பான்மை அந்த மசோதாவைத் தோற்கடித்தது. கட்சிக் கட்டுப்பாட்டால் காங்கிரஸில் இருந்த பட்டியல் சமூக உறுப்பினர்களும் அதற்கு எதிராக நிற்க வேண்டி வந்தது. ராஜா காந்திக்குக் கடிதம் எழுதி மனம் நொந்துகொண்டார். அடுத்த வருஷம், 1939 ஜூலையில், வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்தபோது, அதில் ஈடுபட்டவர்களைக் காக்க அவசரச் சட்டம் போட வைத்து, பிறகு சட்டமும் நிறைவேற்றியவர் இதே ராஜாஜிதான். செய்ததில் உறுதி இருந்தது. எப்போது, யார் பெயரில் செய்வது என்பதை மட்டும் அடுத்தவர் தீர்மானிக்க விடவில்லை.

தனி ஆளாக நின்ற வருஷம்

இத்தோடு கதையை முடித்தால் ராஜாஜி ஒரு சராசரி ஆளுங்கட்சிக்காரர் ஆகிவிடுவார். 1942 அப்படி முடிக்க விடாது.

போர் நடுவே, முஸ்லிம் லீக்கோடு சமரசம் வேண்டும், பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கை அளவில் ஏற்றாவது தேசிய அரசு அமைக்க வேண்டும் என்று சென்னை காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் தீர்மானம் போட வைத்தார். அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை 120க்கு 15 என்று தூக்கி எறிந்தது. கட்சி முழுக்க ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தையும் ஏற்கவில்லை. அன்றைய மனநிலையில் இதைச் சொன்னால் துரோகி பட்டம்தான். கூட்டங்களில் கூச்சல், கலாட்டா.

ஜூலையில் அவர் காங்கிரஸில் இருந்து விலகினார். கூடவே சட்டமன்ற உறுப்பினர் பதவியையும் ராஜினாமா செய்தார். கட்சி டிக்கெட்டில் ஜெயித்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு கட்சிக்கு எதிராகப் பேசுவது முறையில்லை என்பது அவர் கணக்கு. கட்சித் தாவல் தடைச் சட்டம் வருவதற்கு 43 வருஷம் முன்னாடி! மாறுபட்ட கருத்தைச் சொல்ல இடம் வேண்டும், அதற்கான விலையையும் நானே தருகிறேன் என்ற இந்த ராஜாஜியும், 1938இல் மறியல் செய்தவர்களை உள்ளே போட்ட ராஜாஜியும் ஒரே ஆள்தான்.

பத்திரிகைச் சட்டம்

சுதந்திரத்துக்குப் பிறகு மேற்கு வங்க ஆளுநர், 1948 ஜூனில் இருந்து நாட்டின் கடைசி கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர். பட்டேல் மறைவுக்குப் பின் 1950 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சர்.

இந்த இடத்தை வாழ்க்கை வரலாறுகள் வேகமாகக் கடந்துவிடும். கடக்கக் கூடாது. 1950இல் கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார இதழுக்கு சென்னை மாகாண அரசு போட்ட தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரொமேஷ் தாப்பர் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நேரு அரசு 1951இல் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் வைத்தது. அதைத் தொடர்ந்து அதே வருஷம் ஆட்சேபகரமான விஷயங்கள் குறித்த பத்திரிகைச் சட்டம் வந்தது. அதை நாடாளுமன்றத்தில் முன்னின்று நடத்தியவர் உள்துறை அமைச்சர் ராஜாஜி. பத்திரிகை அமைப்புகள் எதிர்த்தன. வெள்ளைக்காரன் சட்டத்தைவிட இது மென்மையானது என்பது அவர் தரப்பு. உண்மையும்கூட, ஆனால் ஒப்பிட்ட அளவுகோல் வெள்ளைக்காரன் சட்டம்!

இன்னும் சொல்லணும்னா, அந்த நாடாளுமன்றம் பொதுத்தேர்தலில் வந்ததே இல்லை. முதல் பொதுத்தேர்தல் முடிவதற்குள் அரசியல் சாசனமே திருத்தப்பட்டுவிட்டது.

பின்வாசல் முதல்வர்

1952. சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152தான். கம்யூனிஸ்ட்டுகளுக்கு 62. பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்ட்டுகள் உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் சேர்ந்து, ஆட்சி அமைக்க எங்களைக் கூப்பிடுங்கள் என்றன. ஆளுநர் ஸ்ரீபிரகாசா கூப்பிட்டது ராஜாஜியை. ராஜாஜி தேர்தலிலேயே நிற்கவில்லை. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமன உறுப்பினராகப் போட்டார். ஏப்ரலில் முதல்வர்.

அவையைச் சந்திக்கப் பயந்த இடைக்கால அரசு என்று 1937இல் திட்டியவர்கள், 1952இல் ஓட்டுக்கே போகாத முதல்வரைக் கொண்டாடினார்கள். நியமனத்தை எதிர்த்து பி.ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை.

பெரும்பான்மை எங்கிருந்து வந்தது? தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் காங்கிரஸை எதிர்த்து ஜெயித்தவை. திமுக அந்தத் தேர்தலில் நேரடியாக நிற்காமல், தன் கோரிக்கையை ஏற்ற வேட்பாளர்களை ஆதரித்தது. இந்த இரண்டு கட்சிகளும் அந்த ஆதரவில் பயன் பெற்றவை. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். ஓட்டுப் போட்டவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ராஜாஜி அவையைத் தவிர்க்கவில்லை. ஜூலை 3ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்து 200க்கு 151 என்று ஜெயித்தார்.

எதிர் அணித் தலைவர் பிரகாசம்? அடுத்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரா பிரிந்தபோது, அதே காங்கிரஸின் ஆதரவோடு அதன் முதல் முதல்வர் ஆனார். 1954 நவம்பரில் மதுவிலக்குப் பிரச்சினையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தார்.

138க்கு 138

பதவிக்கு வந்த கொஞ்ச நாளில், 1952 ஜூனில், யாரும் எதிர்பார்க்காதபோது உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார் ராஜாஜி. பெரிய வெற்றி. ரேஷன் வரிசை ஒழிந்தது என்று மக்கள் வாழ்த்தினார்கள். பரந்த ஆலோசனை இல்லாமல் ஒரு முடிவை அறிவித்து ஜெயித்த முதல்வருக்கு அடுத்த முடிவையும் அப்படியே அறிவிக்கத் தோன்றுவது இயல்புதான்.

1953இல் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம். பள்ளி நேரம் மூன்று மணி. மிச்ச நேரம் பிள்ளைகள் வீட்டில் அப்பா அம்மாவின் தொழிலைப் பழக வேண்டும். அதிகப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க ஷிஃப்ட் முறை என்பது அரசின் விளக்கம். ஆனால் செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவும் சலவைக்காரர் மகள் துணி வெளுக்கவும் போகணுமா என்று ஊர் கேட்டது. குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை உரிக்க முடியவில்லை. சட்டமன்றத்தில் முன்கூட்டியே விவாதிக்கவில்லை, சொந்தக் கட்சிக்காரர்களையே சரியாகக் கலந்து பேசவில்லை. வெளியே பெரியாரும் திமுகவும் போராட்டத்தில் இறங்கினார்கள். ஜூலையில் திமுக நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்துக்கு எதிரானது.

பிறகுதான் அவைக்கு வந்தது. ஜூலை கடைசியில் விவாதம். திட்டத்தையே கைவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 138 பேர் ஆதரவு, 138 பேர் எதிர்ப்பு. சமநிலை, தீர்மானம் நிறைவேறவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் 139க்கு 137 என்று நிறைவேறியது. முதல்வர் கொண்டுவந்த திட்டத்தை அவரது அவையே நிறுத்தியது.

இன்று இது நடக்குமா? 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி காலி. அந்தச் சட்டம் இல்லாததால்தான் 1952இல் ராஜாஜியால் ஆள் சேர்க்க முடிந்தது. அது இல்லாத அதே அவைதான் அடுத்த வருஷம் அவர் திட்டத்தை மடக்கியது. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு ஞாபகம் இருக்கும். ரகசிய வாக்கெடுப்பு கேட்ட திமுகவினர் வெளியேற்றப்பட்ட பிறகு 122க்கு 11.

பருலேகர் குழு வந்தது. ஆனால் ராஜாஜி பின்வாங்கவில்லை, கட்சிக்குள் எதிர்ப்பு முற்றியது. 1954 ஏப்ரலில் பதவியை விட்டார். காமராஜர் முதல்வரானார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. காமராஜர் அப்போது சட்டமன்ற உறுப்பினர் இல்லை. மேலவைக் கதவைத் தட்டாமல், எம்.பி. பதவியில் இருந்து குடியாத்தம் இடைத்தேர்தலுக்குப் போய் நின்று ஜெயித்தார். ராஜாஜிக்கு அவர் வாய் திறந்து சொல்லாத பதில் அது என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 1967இல் அண்ணா முதல்வரானபோது எம்.பி.யாகத்தான் ஜெயித்திருந்தார், பிறகு மேலவை வழியாகத்தான் வந்தார், நியமனம் இல்லை, தேர்வு. ஆனாலும் பின்வாசல் என்ற வார்த்தையை அப்போது திமுக மேடைகளில் யாரும் தேடவில்லை.

80 வயதில் எதிர்க்கட்சி

1959 ஜூன். பெரும்பாலான தலைவர்கள் சுயசரிதை எழுதும் வயதில் ராஜாஜி புதுக் கட்சி தொடங்கினார். சுதந்திரா கட்சி. கூட்டுறவுப் பண்ணை, பெர்மிட்-லைசென்ஸ் ராஜ் எல்லாவற்றையும் எதிர்த்தது. அதைவிட அடிப்படையான வாதம் ஒன்று: ஒரே கட்சி எல்லா அவையிலும் அசைக்க முடியாத பெரும்பான்மையோடு உட்கார்ந்திருந்தால் விவாதம் வெறும் சடங்கு ஆகிவிடும், பலமான எதிர்க்கட்சி ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

கட்சியின் 21 அடிப்படைக் கொள்கைகளில் கடைசியாக ஒன்று வைத்தார்கள். அந்தக் கொள்கைகளுக்கு வெளியே உள்ள எந்த விஷயத்திலும் உறுப்பினர்கள் தங்கள் மனசாட்சிப்படி பேசலாம், ஓட்டுப் போடலாம். எம்.சி.ராஜாவின் மசோதாவைக் கட்சிக் கட்டுப்பாட்டால் தோற்கடித்தவர் நிறுவிய கட்சியில்!

1951இல் பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு வைத்த அமைச்சரவையில் இருந்தவர், 1964இல் நிலச் சட்டங்களை நீதிமன்றத்துக்கு எட்டாமல் வைக்கும் 17ஆவது திருத்தத்தை எதிர்த்து, அடிப்படை உரிமைகளைத் தொடாதே என்று ஸ்வராஜ்யா இதழில் வாரா வாரம் எழுதினார். 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1965இல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதை எதிர்த்தார். போராட்டத்தை போலீஸால் அடக்கிய அன்றைய முதல்வர் பக்தவத்சலம், 1937இல் ராஜாஜி அரசில் பார்லிமென்டரி செயலாளராக இருந்தவர். குருவிடம் கற்ற பாடம் என்று கேலி செய்யலாம், ஆனால் 1965இல் போனது நிறைய உயிர்கள்.

மனம் மாறினாரா, இடம் மாறியதால் பேச்சு மாறியதா? இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. மதுவிலக்கில் அவர் ஒரு நாளும் மாறவில்லை. பதவியே இல்லாத கடைசிப் பதினெட்டு வருஷத்தில் எடுத்த நிலைப்பாடுகளால் அவருக்குத் தனிப்பட்ட லாபமும் எதுவும் இல்லை. ஆனால் 1938 கைதுகளையோ பத்திரிகைச் சட்டத்தையோ பற்றி அந்த அளவு வெளிப்படையாகத் தன்னையே கேள்வி கேட்டுக்கொண்டாரா என்றால், அந்தக் கணக்கு பாக்கிதான்.

1967இல் திமுகவோடு கூட்டணி. திமுக 137, சுதந்திரா 20. காங்கிரஸ் கோட்டையை விட்டு இறங்கியது, இன்றுவரை திரும்ப ஏறவில்லை. மக்களவையில் 44 இடத்தோடு சுதந்திராதான் மிகப் பெரிய எதிர்க்கட்சி. 1971இல் தலைகீழ். எந்தக் காங்கிரஸை எதிர்த்துக் கட்சி தொடங்கினாரோ அந்தக் காங்கிரஸின் முதல்வராக இருந்த காமராஜரோடு கைகோத்து திமுகவை எதிர்த்தார். திமுக 184 இடங்களோடு திரும்ப வந்தது.

அந்த வருஷம் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவெடுத்தது. எந்த அவையிலும் இடமில்லாத, கையில் ஒரு ஓட்டும் இல்லாத 92 வயது ராஜாஜி கோபாலபுரம் வீட்டுக்கு நேரில் போய், வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். கருணாநிதி மரியாதையோடு வரவேற்றார். அரசு தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 1971 ஆகஸ்ட் கடைசியில் மதுவிலக்கு போனது.

1972 டிசம்பர் 25ஆம் தேதி சென்னையில் ராஜாஜி இறந்தார். 94 வயது. இறுதிச் சடங்குக்கு சக்கர நாற்காலியில் வந்தார் 93 வயது பெரியார். 34 வருஷத்துக்கு முன்னால் அவரைச் சிறைக்கு அனுப்பியது ராஜாஜி அரசு. ராஜாஜியின் கல்வித் திட்டத்தை வீழ்த்த ஊர் ஊராகப் போனவர் அவர். அன்று எல்லோர் முன்னாலும் அவர் கண்ணீர் விட்டு அழுதார்.